பனி உடைந்த பின் முதல் நிமிடம்

நோர்வே, பின்லாந்துப் பக்கமிருந்து வரும் காட்டுப் படங்களில் இப்படியொரு காட்சி அடிக்கடி வரும். ஏரிமேல் உறைந்த பனி உடைகிறது. நாயகன் உள்ளே விழுகிறான், ஏறுகிறான், ஈர உடுப்போடு மறுபடியும் ஓடுகிறான். வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பார்ப்பவருக்கு, உடம்பு விறைத்துத்தான் அவன் சாகப்போகிறான் என்று படும். ஆனால் முதல் நிமிடத்தில் ஆபத்து மூச்சில் இருக்கிறது.

தோல் திடீரெனக் குளிர்ந்ததும் வாய் தானாகத் திறந்து பெரிய மூச்சொன்றை இழுக்கும். எவ்வளவு மனத்திடம் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அந்தக் கணம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர்தான் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது இதனால்தான். பிறகு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ஒரு நிமிடமளவில் தணியும். கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லிக்கொடுத்தார்: மூச்சு வழிக்கு வர 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது 10 நிமிடம்வரைதான், நினைவு தப்ப 1 மணித்தியாலம்.

அந்த 10 நிமிடம்தான் தப்பும் நேரம். வந்த பக்கமே திரும்ப வேண்டும், சற்று முன்வரை ஆளைத் தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது. இரண்டு முழங்கைகளையும் பனிமேல் ஊன்றி, உடம்பு தண்ணீரில் கிடையாக வரும்வரை கால்களை உதைத்து, நெஞ்சால் வழுக்கி ஏற வேண்டும். கால்கள் தொங்கிக்கொண்டிருக்க, கையை மட்டும் நம்பி எம்பினால் விளிம்பு மறுபடியும் உடையும். ஏறியதும் எழுந்து நிற்கவும் கூடாது. உருண்டு போனால்தான் பாரம் பரவும். படத்து நாயகன் எழுந்து ஓடுவது இந்த இடத்தில்தான்.

விரல்கள் அதற்குள் மரத்திருக்கும். தோலுக்குப் போகும் இரத்தக்குழாய்களை உடல் சுருக்கிவிடுவதால் லைட்டரின் சில்லைச் சுழற்றக்கூடப் பெருவிரல் வளையாது. எனவே காய்ந்த உடுப்பு முதலில், நெருப்பு பிறகு. ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்கும்வரை சூடு போய்க்கொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

பார்ப்பவர்கள் பயப்படுவது நடுக்கத்தைக் கண்டு. உண்மையில் வெடவெடவென்று நடுங்குபவர் இன்னும் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே போனால் உடல் வெப்பக்குறைவு தொடங்கிவிட்டது. 32ஐ நெருங்கும்போது பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், அதற்குக் கீழே நடுக்கமே நின்றுவிடும். ‘குளிர் விட்டுவிட்டது’ என்று பக்கத்தில் இருப்பவர் ஆறுதலடைவது அப்போதுதான். சிலர் அந்த நிலையில் உடுப்பைக் களைந்தும் எறிவார்கள். சுருங்கியிருந்த குழாய்கள் களைத்து விரிய, சூடான இரத்தம் தோலுக்கு வந்து உடம்பு எரிவதுபோல இருப்பதால் அப்படிச் செய்கிறார்கள் என்பது பொதுவான விளக்கம்.

இதற்குப் பனி தேவையில்லை. சிவனொளிபாதமலையில் மழையில் நனைந்த பருத்திச் சட்டையோடு, விடியும்வரை உச்சிக்காற்றில் நின்றாலும் தொடங்கலாம். உடுப்பை மாற்றி, தலையையும் நெஞ்சையும் போர்த்தி, விழுங்கக்கூடியவராக இருந்தால் இனிப்பான சூடான தேத்தண்ணி கொடுங்கள். சாராயம் தோல்குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடும். கைகாலைத் தேய்க்கவும் வேண்டாம். ஆழமாகக் குளிர்ந்த இதயம் சிறு குலுக்கலிலேயே தாளம் தப்பும் என்பதால் ஆளைக் கிடையாக வைத்து மெதுவாகத்தான் தூக்க வேண்டும்.

மூச்சில்லை, நாடியில்லை என்று கைவிடவும் கூடாது. மூளை மெல்லக் குளிரும்போது அதன் ஒட்சிசன் தேவையும் குறைகிறது. 1999 மே மாதம் நோர்வேயின் நார்விக் அருகே ஓடைப்பனிக்கு அடியில் 80 நிமிடமளவு சிக்கிய பெண் மருத்துவர் ஒருவரின் உள்வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது, இதயம் நின்றிருந்தது. பனிக்கடியில் கிடைத்த சிறு காற்றிடைவெளியில் அவர் முதல் 40 நிமிடம் மூச்சுவிட்டபடி இருந்தார். துரொம்சோ மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சூடாக்கி, உள்ளே திருப்பி அனுப்பினார்கள். இதயம் மீண்டும் துடித்தது. பின்னர் அவர் அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.