ஜனவரியில் பட்ட சூடு

ஆண் பன்றியிடம் விந்து எடுக்கும்போது குடுவையின் வாயில் ஒரு மெல்லிய வலைத்துணியைக் கட்டிவைப்பார்கள். எடுத்து முடித்ததும் ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஒரு கூழ் அந்தத் துணியில் தங்கியிருக்கும். அதை எறிந்துவிட்டு, அடியில் இறங்கிய திரவத்தைத்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். 200, 300 மில்லி இருக்கும். காளையிடம் கிடைப்பது சில மில்லிதான். ஒரு சினை ஊசிக்கு 200 முதல் 300 கோடி விந்தணு என்று வைத்துப் பிரித்தால், ஒருமுறை எடுத்ததிலேயே பதினைந்து இருபது ஊசி தேறும். ஆண் பன்றி ஒன்று கெட்டால் அத்தனை தாய்ப்பன்றிகளின் ஈற்றிலும் அது தெரியும் என்பதும் இதே கணக்குதான்.

கெடுவது பெரும்பாலும் கோடையில். பன்றிக்கு வேர்க்காது, வியர்வைச் சுரப்பிகள் பெயருக்குத்தான் இருக்கின்றன, உடம்பைக் குளிர்விக்க அவை போதாது. சேற்றில் புரள்வதும் அதனால்தான். ஈரச்சேறு மெல்லக் காயும்போது உடல் சூட்டையும் கொண்டுபோகும். (பாவம், அதற்காக நாம் அதற்குக் கொடுத்திருக்கும் பெயர்!) சிமென்ட் தரை போட்ட கொட்டகையில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு விரைகள் அமைந்திருக்கும் இடம் வேறு. விந்தணு நன்றாக உருவாக, உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரியாவது குறைந்த சூடு வேண்டும். செம்மறிக் கிடாவுக்கு விரைப்பை கீழே தொங்குவதால் சுற்றிலும் காற்றுப் படும். பன்றிக்கு அது ஆசனவாய்க்குக் கீழே தொடைகளுக்கு நடுவில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது.

சரி, வெயில் அடிக்கும் நாளில் எடுத்த விந்தை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதாதா? போதாது. அன்றைய விந்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விரைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஐந்தரை வாரம் பிடிக்கிறது. அப்புறம் எபிடிடைமிஸ் என்ற நீளமான சுருள் குழாயில் ஊர்ந்து முதிர்ந்து வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். இந்தப் பயணத்தில் சூட்டுக்கு அதிகம் அடிபடுபவை பாதி வழியில் நிற்கும் செல்கள்: குரோமோசோம்களைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருப்பவையும், பிரித்து முடித்து வால் முளைக்கக் காத்திருப்பவையும். அவை குடுவைக்கு வந்து சேர இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பண்ணைக்காரர் காரணம் தேடத் தொடங்கும்போது மழை பெய்து ஊரே குளிர்ந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இருக்கும் டவுன்ஸ்வில் நகரத்தில் இது இன்னும் சிக்கலாகத் தெரிந்தது. நம்ம ஊருக்கு மே மாதம் மாதிரி, அங்கே கோடை ஜனவரியில் வரும், மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். ஈரக்காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. பன்றி மேல் தெளித்தாலும் பலன் குறைவு. அங்குள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே இடத்துப் பன்றிகளின் விந்தைப் பருவம் மாற மாறச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். விந்தணுக்களின் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டிஎன்ஏவைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: குளிர்காலத்தில் 100-க்கு 1 விந்தணுவில் டிஎன்ஏ உடைந்திருந்தது, கோடையில் 16.

உடைவது எப்படி? சூடேறினால் விரைச் செல்களுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். இரத்த ஓட்டம் அந்த அளவுக்குக் கூடாது. இந்த இழுபறியில் டிஎன்ஏவை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. வளரும் செல் உடைந்ததை ஓரளவு ஒட்டவைத்துக்கொள்ளும். ஆனால் கடைசிக் கட்டத்தில் டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி மூட்டை கட்டிவிடும், அதற்குப் பிறகு ரிப்பேர் கிடையாது. வால் மட்டும் நன்றாக ஆடும். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் ‘நல்ல விந்து’ என்று எழுதிவிடுவார்.

அந்த விந்தணு முட்டையையும் சேர்ந்துவிடும். முட்டை தன்னால் முடிந்தவரை சரிசெய்யும். முடியாதபோது கரு சில நாளில் இறந்துபோகும். பன்றியில் சினை நிலைக்க, ஆரம்ப நாட்களில் குறைந்தது நாலு கருவாவது உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய்ப்பன்றி மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பழி முதலில் விழுவதும் தாய்ப்பன்றி மேல்தான்.

சூடு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. காட்டுப்பன்றி, பகல் குறுகும் காலத்தில் இணைசேரும் விலங்கு. அந்தப் பழக்கத்தின் மிச்சம் வீட்டுப் பன்றியிலும் உண்டு. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்து விந்து நன்றாக இருப்பதற்கு வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கிறது. டவுன்ஸ்வில்லில் பகலின் நீளம் அவ்வளவாக மாறாது, அங்கே சூடுதான் பிரதானம்.

அதே ஆய்வாளர்கள் கோடையில் தீவனத்தோடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 42-ஆம் நாளில் டிஎன்ஏ சேதம் நன்றாகவே குறைந்திருந்தது. தீவனம் மாறியபோது விரையில் தொடங்கிய விந்தணுக்கள் வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். ஜனவரிக்கான தீவனம் நவம்பர் கடைசியிலேயே தொட்டியில் விழுந்தாக வேண்டும்.