கார் டெக்கை ஏன் பூட்டுகிறோம்?

"என் வண்டி, என் கையில் சாவி. போய் ஒரு பையை எடுத்துவர எதற்கு இத்தனை கெடுபிடி?" வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிச் சண்டைக்கு வருகிறார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பலான ஃபெர்ரியில் வாகனங்களை ஏற்றி இறக்குவதைக் கவனிக்கும் அதிகாரி நான். வாகனங்கள் நிற்கும் தளம்தான் கார் டெக். பயணத்தின்போது பயணிகள் யாரும் போகாதபடி அதைப் பூட்டிவைக்கிறோம், சண்டை அதற்குத்தான். கரையில் இருக்கும்போது பொறுமையாகப் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மற்ற கப்பல்களின் உட்புறத்தைக் குறுக்குச் சுவர்கள் அறை அறையாகப் பிரித்திருக்கும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அங்கேயே நிற்கும். கார் டெக்கில் இது நடக்காது. லாரி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டுமே! அதனால் முழு நீளத்துக்கும் ஒரே கூடம். செம்பில் தண்ணீர் எடுத்து நடந்து பாருங்கள், அப்புறம் தாம்பாளத்தில் எடுத்து நடங்கள். தாம்பாளம் லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டிவிடும். கார் டெக் எங்களுக்குத் தாம்பாளம்தான். தண்ணீர் பரவும் அகலம் இரண்டு மடங்கானால் இந்த ஆபத்து எட்டு மடங்காகும்.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். முன்கதவு திறந்தே கிடந்தது. மூட வேண்டியவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருக்கிறதா என்று கேப்டனுக்குக் காட்ட ஒரு விளக்குகூட மேலே இல்லை. இன்று அந்த விளக்கும் கேமராவும் இருக்கின்றன. ஆனாலும் விளக்கை மட்டும் நம்பி நான் 'சரி' சொல்வதில்லை, நேரில் போய்ப் பார்ப்பேன்.

தண்ணீர் கடலிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2006இல் செங்கடலில் 'அல் சலாம் பொக்காச்சியோ 98' கப்பலின் கார் டெக்கில் தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் வடியாமல் தேங்கி, கப்பலையே கவிழ்த்தது. சுமார் ஆயிரம் பேர் போய்விட்டார்கள்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், கியரில் போடுங்கள். மறந்தால் என்ன ஆகும்? ஒருமுறை லேசான அலையில் ஒரு கார் மெதுவாக நகர்ந்து முன்னால் நின்ற வேனின் பம்பரில் உரசியது. சத்தம்கூட இல்லை. நடுவில் யாரும் நிற்காததால் பெயிண்ட் மட்டும் போனது. இடையில் பையை எடுக்க வந்தவர் நின்றிருந்தால் அவர் முழங்கால் போயிருக்கும். லாரிகளைச் சங்கிலி போட்டு இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கிறோம். கார்களுக்குப் பெரும்பாலும் நீங்கள் போடும் பிரேக்தான். காரின் அலாரத்தையும் அணைத்துவிடுங்கள், கப்பல் ஆடினால் அது கத்தும்.

லாரி ஓட்டுநர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கேபினில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு புரிகிறது. ஆனால் கீழே புகை கிளம்பினால், அங்கே யாரும் இல்லை என்று நினைத்துத்தான் நாங்கள் முடிவெடுப்போம். அதனால்தான் பூட்டும் முன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே நடக்கிறேன். போன மாதம் பதினோராவது லாரியில் தட்டியபோது திரை விலகி ஒரு தூக்கக் கண் எட்டிப் பார்த்தது. "அஞ்சு நிமிஷம், சார்" என்றார். கையோடு மேலே அழைத்துக்கொண்டு போனேன்.