லூவா படிக்க முதல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாசம் விசுவமடுவில் இருந்து வரும் ஏ.எல். மாணவன் ஒருவன் மண் ஈரப்பத சென்சரோடு வந்தான். வீட்டு மிளகாய்த் தோட்டத்துக்கு எப்போது தண்ணீர் இறைக்க வேண்டும் என்று காட்டும் கருவி. சென்சரை இணைத்து நிரலை ஏற்றும் சின்ன மின்பலகையான நோட்எம்சியு, அதில் ஓடுவது லூவா என்ற நிரலாக்க மொழி. "சேர், காய்ந்த மண்ணிலும் 0, சேற்றிலும் 0 தான் காட்டுது" என்றான்.

இரண்டு நாள் வயர்களை மாற்றிப் பார்த்து, புதிய சென்சரும் வாங்கியிருக்கிறான். நிரலைத் திறந்தேன். சென்சர் தந்த எண்ணை 1024ஆல் வகுத்து 100ஆல் பெருக்கியிருந்தான். அவனுடைய லப்டொப்பில் இருந்தது லூவா 5.4. அதில் 512ஐ 1024ஆல் வகுத்தால் 0.5. பலகையில் இருந்ததோ 5.1ஐ அடிப்படையாகக் கொண்ட, முழு எண் மட்டுமே தெரிந்த ஃபர்ம்வேர், அதாவது பலகைக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள். அங்கே அதே கணக்குக்கு விடை 0. பிறகு எதால் பெருக்கி என்ன? முதலில் பெருக்கி, அப்புறம் வகுக்கச் சொன்னேன். எண் அசையத் தொடங்கியது.

பைத்தனில் இப்படி மாட்டினால் தேடிய உடனே பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். குறைவான பேர் பாவிக்கும் மொழியில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதில். பார்க்கச் சரியாகவே இருக்கும். நோட்எம்சியுவில் டைமருக்கு எண் கொடுத்து ஓடவிடும் முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது டைமரை முதலில் உருவாக்க வேண்டும். பழைய உதாரணங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் 5.1, 5.3, ரோப்லொக்ஸ் விளையாட்டுத் தளத்தில் வரும் லூவாவின் கிளைமொழி எல்லாவற்றையும் ஒரே நிரலில் கலந்து தருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் முதலில் காட்டுவது கையேட்டைத்தான். 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த லூவா இன்றும் சின்ன மொழி. அதிகாரபூர்வ தளத்தில் இறக்கும் மூலக்கோப்பு ஒரு எம்பி கூட வராது. அந்தப் பதிப்புக்குரிய முழுக் கையேடும் அதற்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் இல்லாத ஊரிலும், டேட்டா முடிந்த இரவிலும் திறந்து படிக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

கையேடு ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். லூவாவை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபேர்ட்டோ இயெருசாலிம்ஸ்கி எழுதிய பாடநூலின் முதற்பதிப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 5.0க்கு எழுதியது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பயிற்சிக்கு எக்சர்சிசம் தளம் நல்லது. கணக்குகளைச் சோதனைக் கோப்புகளோடு இறக்கி வீட்டில் செய்யலாம். நிரலில் பிழை தேடும் லூவாசெக் கருவியையும் போட்டுக்கொள்ளுங்கள். மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் லூவா முறையிடாது, புதிய மாறி என்றே எடுத்துக்கொள்ளும். லூவாசெக் அதைப் பிடித்துத் தரும்.

புதுப் பலகை கைக்கு வந்ததும் 1ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள். 0 வந்தால் அது முழு எண் ஃபர்ம்வேர். பலகை எழும்பும்போது காட்டும் முதல் வரிகளில் லூவாப் பதிப்பும் மொடியூல்களும் இருக்கும். அவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தம்பியின் கொப்பியில் முதல் வரி இப்போது "5.1, முழு எண்". அதற்குக் கீழே மிளகாய்ப் பாத்தியின் காலை, மாலை ஈரப்பதம்.