‘அதிகார இடைவெளி’ அல்ல, ‘படிநிலை ஏற்பு’

பன்னாட்டு மேலாண்மை பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், நாடுகளின் பண்பாட்டை ஒப்பிடும் அளவைகளில் ஒன்றான ‘பவர் டிஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘அதிகார இடைவெளி’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ‘அதிகார தூரம்’ என்று நடுவில் வரவேண்டிய ‘த்’ ஒற்றைக்கூட விட்டுவிட்டு எழுதுவோரும் உண்டு. இரண்டுமே கருத்தைத் தலைகீழாக்குகின்றன.

ஆங்கிலச் சொல்லை முதலில் கையாண்டவர் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் மௌக் முல்டர். அதிகாரம் குறைந்தவர் மேலே இருப்பவரை நெருங்க முயல்கிறார், மேலவர் அந்தத் தொலைவைக் காக்கப் பார்க்கிறார் என்பது அவர் ஆய்வு. அங்கே ‘தொலைவு’ பொருந்தும். பெயரை அவரிடமிருந்து எடுத்த பண்பாட்டு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீடு பொருளை நகர்த்திவிட்டார். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய விடைகளை வைத்து 1980-இல் அவர் வெளியிட்ட நூலில் சொல் குறிப்பது வேறு: அதிகாரம் சமமின்றிப் பங்கிடப்பட்டிருப்பதை, அது குறைந்தவர்கள் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள், ஏற்கிறார்கள் என்பது.

எதிர்பார்ப்பதும் ஏற்பதும்தான் உயிர். ‘இடைவெளி’யில் அவை இரண்டும் இல்லை. இடைவெளி என்றால் இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம். அளக்கலாம், குறைக்கலாம், நிரப்பலாம். ‘அதிகார இடைவெளி’யை ஆட்சியில் ஆளில்லாத காலம் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை. 2020-இல் ‘சமூக இடைவெளி’ என்று சொல்லி, ஆளுக்கு ஆள் விலகி நிற்பதைச் சமூகங்கள் விலகி நிற்பதாக்கினோம். அதே அவசரம்தான் இங்கும்.

இந்த ஏற்பை நாட்டுக்கு நாடு எண்ணாகச் சொல்லும் குறியீட்டை ஹாஃப்ஸ்டீடு கணக்கிட்ட மூன்று கேள்விகளைப் பார்த்தாலே குழப்பம் தீரும். மேலாளரோடு கருத்து மாறுபட ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகிறார்கள்? உங்கள் மேலாளர் எப்படி முடிவெடுக்கிறார்? எப்படி முடிவெடுக்கும் மேலாளரை விரும்புகிறீர்கள்? விடை சொல்பவர் கீழே இருப்பவர். அந்த விடைகளிலிருந்துதான் மலேசியாவுக்கு 104, பிரான்சுக்கு 68, ஜெர்மனிக்கு 35, ஆஸ்திரியாவுக்கு 11 வந்தன; எண் கூடினால் ஏற்பு கூடுதல்.

சொல் தவறினால் செயலும் தவறும். ‘இடைவெளியைக் குறையுங்கள்’ என்று படித்த நிர்வாகம் மேலாளரின் தனியறையை எடுத்துவிடும், பெயர் சொல்லி அழைக்கச் சொல்லும். மேசை நெருங்கும், அச்சம் அப்படியே இருக்கும். ஏற்பு மிகுந்த இடத்தில், கூட்டத்தில் ‘மாற்றுக் கருத்து உண்டா?’ என்று கேட்டால் மௌனமே விடை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திட்டத்தை நகர்த்தும்போதுதான் முறிகிறது. கருத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவதும், மேலாளர் கடைசியில் பேசுவதும் அங்கே கூடுதலாகப் பயன்படும். இன்னொரு சான்று இலக்குவழி மேலாண்மை (‘மேனேஜ்மென்ட் பை ஆப்ஜெக்டிவ்ஸ்’). அது, மேலாளரும் ஊழியரும் எதிரெதிரே அமர்ந்து இலக்கைப் பேரம் பேசலாம் என்ற அமெரிக்க எண்ணத்தில் பிறந்தது. ஜெர்மனியில் அது இருவர் உடன்படிக்கையாக உருமாறி நிலைத்தது. பிரான்சில் புதுப்பெயர் சூட்டியும் வேரூன்றவில்லை. அங்கே மேலவரோடு பேரம் பேசுவது இருவருக்குமே சங்கடம் என்றார் ஹாஃப்ஸ்டீடு. இதை விளக்க ‘இடைவெளி’ எந்த வகையில் உதவும்?

‘அதிகாரச் சமமின்மை’ என்போரும் உண்டு. சமமின்மை எல்லா நாட்டிலும் இருக்கிறது, அளக்கப்படுவது அதுவல்ல.

ஆகவே ‘படிநிலை ஏற்பு’. படி, நிலை, ஏற்பு மூன்றும் தமிழ் வேர்கள் என்பது மகிழ்ச்சிதான், ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை; ‘அதிகாரம்’ வடசொல் என்பதும் என் வாதமல்ல. ‘ஏற்பு’ என்றதுமே யார் ஏற்கிறார், எதை ஏற்கிறார் என்ற கேள்வி எழுகிறதே, அதுதான் காரணம். படிகள் பல உள்ள நிறுவனத்திலும் ஏற்பு குறைவாக இருக்கலாம் என்பதையும் இச்சொல் தாங்கும்.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் வழக்கத்துக்கு இதைவிட மோசமான சான்றும் உண்டு. ஹாஃப்ஸ்டீடின் இன்னோர் அளவையான ‘மஸ்குலினிட்டி’க்கு ‘ஆண்மை’! போட்டிக்கும் சாதனைக்கும் ஒரு சமூகம் தரும் முதன்மையே அங்கே பொருள். ‘ஜப்பானின் ஆண்மை 95, ஸ்வீடனின் ஆண்மை 5’ என்று அச்சில் வருவது வெட்கக்கேடு. ‘போட்டி நாட்டம்’ என்றால் ஒரு குழப்பமும் இல்லை.

எண்ணைக் குறிக்கப் ‘படிநிலை ஏற்புக் குறியீடு’ என்க. ஒரு நாட்டைச் சொல்லும்போது ‘ஏற்பு மிகுந்த’, ‘ஏற்பு குறைந்த’ போதும். முல்டரைப் பற்றி எழுதுகையில் மட்டும் ‘அதிகாரத் தொலைவு’ இருக்கட்டும், ஒற்றோடு.