ஊறுகாய் பாட்டிலில் ஒரு ஜேட் செடி

தொண்டிப் பக்கம் எங்கள் தெருவில் ஜேட் என்கிற சதைப்பற்றுச் செடி (தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைப்பது) வாங்கிய எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் கொன்றோம். கண்மாய்க் கரம்பை, அதாவது களிமண் வண்டல், நிரப்பிய தொட்டியில் வைத்து, வெயிலைப் பார்த்துப் பாவப்பட்டு தினமும் ஒரு சொம்பு தண்ணீர். கொஞ்ச நாளில் தண்டைத் தொட்டால் அவித்த கத்தரிக்காய் மாதிரி நசுங்கும். ஆனால் அதே செடியில் ஒடிந்த கிளை ஒன்று, ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் ஆறு மாதமாகப் பச்சையாக நிற்கிறது.

செடி அழுகியது தண்ணீரால் இல்லை, மூச்சு முட்டி. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. கரம்பை ஊறினால் அந்தச் சந்தெல்லாம் அடைபட்டுவிடும். காற்றில் பரவுவதைவிட தண்ணீருக்குள் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும் என்பதால், மேலே எவ்வளவு காற்றடித்தாலும் கீழே போய்ச் சேராது. வேர் செத்ததும் பூஞ்சை வந்து மிச்சத்தை முடிக்கும். காரங்காடு போனால் பாருங்கள், காற்றே புகாத சேற்றில் நிற்கும் அலையாத்தி மரம் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டி மூச்சு விடும்.

பாட்டிலில் சேறு இல்லை, வாய் திறந்திருக்கிறது, வாரம் ஒருமுறை தண்ணீரும் மாறுகிறது. அதைவிட முக்கியம், தண்ணீரிலேயே பிறந்த வேர் வேறு ஜாதி: வெள்ளையாக, நூல் மாதிரி, ஈரத்துக்குப் பழகியே வளர்வது. மண்ணில் வளர்ந்த வேரோடு செடியை அப்படியே பாட்டிலில் இறக்கினால் பெரும்பாலும் அந்த வேர் அழுகும். அதனால் கிளையை வெட்டி, நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின், நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வையுங்கள். வேர் தானே தண்ணீரைத் தேடி இறங்கும். தண்டு முங்கக் கூடாது.

இந்தச் செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் ராத்திரியில்தான் திறக்கும், வெயிலில் ஆவியாகிப் போவது குறைவு என்பதால் குடிப்பது கொஞ்சம்தான். தண்ணீர் குறையவில்லையே என்று மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனே குறைவு, 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அப்புறம் கொசு! ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டின கதைதான். வேர் நன்றாக விட்டபின் திரவ உரம் துளி போதும்.

உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம். நான் ஊற்றிப் பார்த்தேன், நாலே நாளில் இலை சுருங்கிவிட்டது. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் உப்பு கூடிப்போனால் வேரால் அதை இழுக்க முடியாது. உப்பளத்து ஓரம் கொழுகொழுவென்று நிற்கும் உமரிச் செடி அந்த உப்பையே உறிஞ்சி, தன் செல்லுக்குள் தனிப்பையில் பூட்டி வைத்துக்கொண்டு தண்ணீரை இழுக்கும். ஜேட் செடிக்கு அந்த வித்தை தெரியாது. கார்த்திகையில் குடத்தில் பிடித்த மழைத் தண்ணீருக்கு மாற்றினேன், ஒரு வாரத்தில் இலை மறுபடி உப்பிவிட்டது.