கோகோவின் அட்டையில் இருந்த ஒரு வரி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு காசநோய் மருத்துவமனையில் சில ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். அங்கே வயதான பெண்களை எல்லோரும் 'கோகோ' என்றுதான் கூப்பிடுவார்கள். சுலு மொழியில் பாட்டி என்று பொருள். அப்படி ஒரு கோகோவுக்கு இரண்டு மாத சிகிச்சை முடிந்தும் சளியில் கிருமி இருந்தது. அவருடைய சிகிச்சை அட்டையில் யாரோ சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்: 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.'

கோகோ வாதாடவில்லை. கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேசையில் வைத்தார். எண்ணினேன். இரண்டு மாதக் கணக்குக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. காசநோய்க்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசின். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதையும் கேட்டேன். தினமும் அப்படித்தான் போகிறது என்றார்.

அப்புறம்தான் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கலாம் என்று மருத்துவரிடம் சொன்னேன். எல்லோருக்கும் செய்கிற பரிசோதனை இல்லை அது. மாத்திரை போட்ட 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் ரத்தம் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ரிஃபாம்பிசின் உச்ச அளவு லிட்டருக்கு 8 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதிரியிலும் அதில் பாதிகூட இல்லை.

மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது, ரத்தத்தில் போதிய அளவு தங்கவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்திருக்கலாம், நீரிழிவோ எச்.ஐ.வி.யோ இருக்கலாம், மாத்திரையின் தரம் குறைந்திருக்கலாம். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு: உடலின் கடத்திப் புரதங்கள். டிரான்ஸ்போர்ட்டர் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான்.

மருந்து எல்லா உறுப்புக்குள்ளும் தானாகக் கசிந்து போய்விடுவதில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வோர் இடத்திலும் செல்லின் சுவரில் சில புரதங்கள் வாசலில் நின்று, சில மருந்துகளை உள்ளே இழுக்கின்றன, சிலவற்றை வெளியே தள்ளுகின்றன. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற லோபராமைடு அபின் வகையைச் சேர்ந்தது. ஆனாலும் வழக்கமான அளவில் அது போதை தராது. மூளையின் வாசலில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் முக்கியக் காரணம். அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணு ஏபிசிபி1. ரிஃபாம்பிசினைக் கல்லீரலுக்குள் இழுக்கும் புரதத்தைச் செய்கிற மரபணு எஸ்எல்சிஓ1பி1. கல்லீரலுக்குள் அதிகம் போனால் ரத்தத்தில் குறையும்.

தென்னாப்பிரிக்கக் காசநோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு என் கண்ணைத் திறந்தது. எஸ்எல்சிஓ1பி1 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அங்கே மிகப் பரவலாக இருந்தது. ஒவ்வொரு மரபணுவும் நமக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. பார்த்த மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் அந்த மாற்றம் இருந்தது. ஒரு பிரதி இருந்தவர்களுக்கு உடலில் சேர்ந்த ரிஃபாம்பிசின் 18 சதவீதமும், இரண்டு பிரதி இருந்தவர்களுக்கு 28 சதவீதமும் குறைவு. சரி, விடை கிடைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆனால் பிறகு மலாவியில் காசநோயாளிகளிடம் பார்த்தபோது அந்த மரபணுவுக்கும் மருந்தின் அளவுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. மலாவியும் தென்னாப்பிரிக்காவும் ஒரே கண்டத்தின் தென்பகுதி நாடுகள்தான். ஒன்றில் கண்டதை மற்றதற்குத் தூக்கிப் போக முடியவில்லை.

அந்த மருத்துவமனைப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். சுலு, கோசா, சோத்தோ மக்களும், மலாவியிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களும் அதில் ஒரே டிக்கில் அடங்கிவிடுவார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்களும் மருந்து வாங்க அதே வரிசையில் நிற்பார்கள், படிவத்தில் அவர்களுக்கு 'இந்தியர்' என்று வேறு கட்டம். உலகிலேயே மரபணு வேறுபாடு அதிகம் உள்ள கண்டம் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க மக்களின் மரபணுக்களை ஆராயும் எச்3ஆப்பிரிக்கா கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 50 இனமொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். அதற்கு முன் யாரும் பதிவு செய்யாத மாற்றங்கள் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் கிடைத்தன. வெறும் 426 பேரில்! இத்தனையையும் ஒரு டிக்கில் அடைத்துவிட்டு மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறோம்.

ஏபிசிபி1 மரபணுவில் 3435 என்ற இடத்தில் சி, டி என்று இரண்டு வடிவங்கள் உண்டு. 2001-இல் வெளியான ஆய்வில் மேற்கு ஆப்பிரிக்கர் 172 பேரில் 83 சதவீதத்தினருக்கு இரண்டு பிரதியுமே சி. வெள்ளையர்களில் அது 26 சதவீதம்தான். வேறுபாடு பெரிதுதான், ஆனால் அதனால் மருந்தின் அளவு எவ்வளவு மாறும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதனால் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது என் கருத்து.

எனக்கு அதிகக் கவலை தருவது ஆய்வக அறிக்கையில் வருகிற 'நார்மல்' என்ற சொல். கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டினால் சிலருக்குத் தசை பாதிக்கப்படும். அந்த மருந்தைக் கல்லீரலுக்குள் இழுப்பதும் எஸ்எல்சிஓ1பி1 செய்கிற அதே புரதம்தான். 2008-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, எஸ்எல்சிஓ1பி1 மரபணுவின் 521-ஆம் இடத்தில் இருக்கும் மாற்றம் அந்த ஆபத்தை மிகவும் கூட்டுகிறது என்று காட்டியது. அதன்பிறகு பரிசோதனைகள் அந்த ஓர் இடத்தையே பார்க்கத் தொடங்கின. ஐரோப்பியரிடம் அந்த மாற்றம் சுமார் 15 சதவீதப் பிரதிகளில் உண்டு, சஹாராவுக்குத் தெற்கே ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் அதே மரபணுவின் 1463-ஆம் இடத்தில் இன்னொரு மாற்றம் இருக்கிறது. அது ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே முக்கியமாகக் காணப்படுகிறது, அதுவும் புரதத்தின் வேலையைக் குறைக்கிறது. 521-ஐ மட்டும் பார்க்கிற பரிசோதனையில் இவர்களுக்கு 'நார்மல்' என்றே வரும். ஐரோப்பியரிடம் தேடக் கற்றுக்கொண்ட இடத்தில் தேடி, எதுவும் இல்லை என்று எழுதித் தருகிறோம். ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்க்கும் தமிழ் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மரபணு அறிக்கை கைக்கு வந்தால், எந்தெந்த இடங்களைப் பார்த்தார்கள் என்று முதலில் படியுங்கள். முடிவை அதன்பிறகு படியுங்கள்.

மரபணு மாற்றமே இல்லாமல் இன்னொரு மருந்தே வாசலை அடைத்துவிடுவதும் உண்டு. எச்.ஐ.வி.க்கு இன்று ஆப்பிரிக்கா முழுக்கக் கொடுக்கும் டொலுடெக்ராவிர், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைச் சிறுநீரகத்தில் வெளியேற்றும் புரதங்களைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் மெட்ஃபார்மின் அளவு ஏறும். அதனால் மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அதே தடையால், சிறுநீரகத்தின் நலத்தை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறித் தெரியும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்து மருந்தை நிறுத்திவிட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் தானாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் செய்யாதீர்கள். மருத்துவரிடம் இரண்டு மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிஃபாம்பிசினை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று பல பத்தாண்டுகளுக்கு முன் நிர்ணயித்தபோது, அந்த மருந்தின் விலையும் ஒரு காரணமாக இருந்தது. பின்னாளில் தான்சானியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 35 மில்லிகிராம் வரை கொடுத்துச் சோதித்தார்கள், சளி இன்னும் வேகமாகச் சுத்தமானது. நாம் பல காலமாகக் குறைவாகவே கொடுத்து வந்திருக்கிறோமோ என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுத்தது.

கோகோவுக்குத் தினமும் மூன்று மாத்திரை, அதாவது 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் அதை 600 ஆக்கினார். கல்லீரல் பரிசோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டோம். வெறும் வயிற்றில் எடுக்கும்படியும் சொன்னோம். மாத்திரையை அவர் கஞ்சியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார், அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஐந்தாம் மாதம் சளி சுத்தம் என்று வந்தது. அவருடைய மரபணுவை யாரும் பரிசோதிக்கவில்லை, அதற்கு அங்கே வழியும் இல்லை. அதனால் கஞ்சியா, அளவா, கல்லீரலின் வாசலா என்று நான் சொல்ல மாட்டேன்.

அட்டையை மட்டும் கேட்டு வாங்கினேன். அந்தச் சிவப்பு வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ரத்தத்தில் இருந்த அளவையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். கோகோ அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேத்தியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.