பைக் ஓட்டாதவனுக்கும் ரேஸில் வேலை உண்டு

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தாலும் வந்தது, என் போனுக்கு ஓய்வில்லை. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரி முத்தியால்பேட்டை என்று எங்கிருந்தெல்லாமோ தம்பிகள் கூப்பிடுகிறார்கள். "அண்ணா, ரைடர் ஆகுற அளவுக்கு வீட்டுல வசதி இல்ல. டீம் மேனேஜர் ஆகணும். என்ன கோர்ஸ் படிக்கிறது?"

பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு பைக் பந்தய அணிக்கு மேனேஜராக இருக்கிறேன். வீடு கடலூர், பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். ஹெட்செட் மாட்டிக்கொண்டு கத்துகிற வேலை என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது டிவியில். எனக்கு வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு, செம்மண்டலத்தில் குட்டி யானையில் பைக்கை ஏற்றிக் கயிறு கட்டுவதில் தொடங்கும். ஜெனரேட்டர் ஏறியதா, டூல் பெட்டி ஏறியதா, ரைடர்களின் லைசென்ஸ் இந்த வருஷத்துக்குப் புதுப்பித்ததுதானா? நம் நாட்டு மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தருகிற லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பழையதோடு போனால் எவ்வளவு வேகமான ரைடராக இருந்தாலும் கேலரியில் உட்கார வேண்டியதுதான்.

அப்புறம் ஸ்க்ரூட்டினி, அதாவது டிராக்கில் இறங்கும் முன் பைக்கைப் பரிசோதிப்பது. அங்கே அதிகாரி குனிந்து முதலில் பார்ப்பது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் டிரெய்ன் போல்ட்டை. போல்ட் தலையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்தில் அசையாத ஒன்றோடு கட்டியிருக்க வேண்டும். லாக் வயர் என்போம். எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுகிறோம் என்பது முக்கியம். போல்ட் லூசாகத் திரும்பப் பார்த்தால் கம்பி இறுக வேண்டும். மாற்றிக் கட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. அந்தப் போல்ட் கழன்று டிராக்கில் ஆயில் கொட்டினால், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழுவார்கள். கட்டுவது மெக்கானிக்தான். ஆனாலும் நான் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்காமல் பைக்கை அனுப்ப மாட்டேன்.

இவ்வளவு பேசுகிற நானே சொதப்பியிருக்கிறேன். ஒருமுறை தகுதிச் சுற்றுக்கு முன் அவசரத்தில் எங்கள் இரண்டு பைக்குகளின் டிரான்ஸ்பான்டர்களை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கண்ட்ரோல் அறைக்குச் சொல்கிற சின்னக் கருவி அது. திரையில் எங்கள் ரைடர்களில் சின்னவன் பறக்கிறான், பெரியவன் தடுமாறுகிறான். சரி, கியரிங்தான் ஒத்துவரவில்லை என்று பெரியவனை டிராக் ஓரம் பைக்கைச் சரிபார்க்கிற பிட்டுக்குள் கூப்பிட்டு, பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையே மாற்றச் சொன்னேன். உண்மையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்த பைக்கைக் கெடுத்தது நான்தான். பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்கள் கூப்பிட்டபோது பதில் சொல்ல எதுவும் இல்லை. அபராதம் கட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து டிரான்ஸ்பான்டரில் பெயின்ட் பொட்டு: ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள்.

இந்த வேலையில் பாதி, விதிப்புத்தகம். தற்காலிக முடிவு ஒட்டப்பட்ட நிமிடத்திலிருந்து புகார் கொடுக்க 30 நிமிடம்தான். எழுத்தில் தர வேண்டும், கட்டணமும் கூடவே கட்ட வேண்டும். நம் ஆட்கள் அந்த அரை மணி நேரத்தையும் பேடாக்கில், அதாவது அணிகள் கூடாரம் போடும் இடத்தில், கோபப்பட்டே கழித்துவிடுவார்கள். 2023-ல் ஜெட்டா ஃபார்முலா 1 பந்தயத்தில் மூன்றாவதாக வந்த கார் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குப் பந்தயம் முடிந்த பிறகு 10 விநாடி தண்டனை கிடைத்தது. பிட்டில் நின்று முந்தைய தண்டனையைக் கழிக்கும்போது பின்பக்க ஜாக் காரைத் தொட்டுவிட்டது என்பதுதான் காரணம். அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் அணி சத்தம் போடவில்லை. இதற்கு முன் இப்படி ஜாக் தொட்டும் தண்டனை கொடுக்காத 7 சம்பவங்களின் வீடியோவைத் தேடி எடுத்துக்கொண்டு போய் மறுபரிசீலனை கேட்டது. மூன்றாம் இடம் அந்த ராத்திரியே திரும்பி வந்தது. ராத்திரி நேரத்தில் பழைய வீடியோக்களைத் துழாவ ஆள் வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் அணி.

சரி, கோர்ஸ் விஷயம். போன வருஷம் ஒரு தம்பி சான்றிதழோடு வந்தான். வெளிநாட்டு அணியில் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கியிருக்கிறார்கள். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. லாக் வயர் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்கிற யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்கென்று கட்டாயப் படிப்பு எதுவும் கிடையாது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் தன்னார்வ மார்ஷலாகப் போய் நில்லுங்கள். வெயிலில் கொடி பிடித்து நாலு பந்தயம் நின்றால், எந்த அணி ஒழுங்கு, எந்த அணி தாறுமாறு என்று கண்ணே சொல்லிவிடும். பிறகு ஏதாவது ஓர் அணியில் டயர் தள்ளக் கேளுங்கள். விதிகளை வாசிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், எக்செல் வேண்டும், முதலுதவி கட்டாயம் தெரிய வேண்டும். சம்பளம்? வருஷம் முழுக்கச் சம்பளம் தருகிற அணிகள் நம் நாட்டில் மிகக் குறைவு. எனக்கே சோறு போடுவது கடலூரில் இருக்கும் உதிரிபாகக் கடைதான்.

இன்னொன்று. ஈ.சி.ஆரில் ஞாயிறு காலை முறுக்குவதை 'அனுபவம்' என்று என்னிடம் சொல்லாதீர்கள். அங்கே ஆம்புலன்ஸும் நிற்காது, கொடி காட்ட மார்ஷலும் இருக்க மாட்டார்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வொரு ரைடரின் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு நம்பர். பதினெட்டு நிரம்பாத பையன் என்றால் அம்மா, அப்பா இருவரின் நம்பரும். பையன் விழுந்தால், கேலரியில் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் போய்ச் சேருவதற்குள் நான் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். போன தடவை டாக்டர் பார்த்து முடித்ததும், ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றபடியே போன் அடித்தேன். "அம்மா, பையன் நல்லா பேசுறான். காலுலதான் அடி. இருங்க, அவன்கிட்டயே தர்றேன்."